ஆரணித் தறியை இரண்டு கண்ணால் பாருங்கள்

ஒரு கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக் காதுக்கு முன்னே போகும். அல்லது பின்னே போகும்! இரண்டு கண்ணும் திறந்திருந்தால்தான் தூரம் சரியாகத் தெரியும். இரண்டு கண்ணும் சற்று மாறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை ஒன்றாக்கி விடுகிறது.

இதை 1838-ம் ஆண்டு ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் இரட்டைப் படம். ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். வில்லை பொருத்திய கருவியில் வைத்துப் பார்த்தால், காட்சி எழுந்து நிற்கும்.

ஜப்பானில்...

யோகோகாமா நகரில் 1892-ல் படக்கடை திறந்த எனாமி நொபுகுனி இதில் கெட்டிக்காரர். வயல் வேலை, தேயிலை பறிப்பு, பட்டுப்புழு வளர்ப்பு எல்லாவற்றையும் இப்படி எடுத்தார். பல படங்களுக்குக் கையால் வர்ணமும் தீட்டப்பட்டது. குறையும் உண்டு. வெளிநாட்டாருக்கு விற்பதற்காக, "இப்படி நில், அப்படிப் பார்" என்று நிறுத்தி எடுத்த படங்கள் பல. நின்றவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் அந்த நாள் ஜப்பான் அந்த அட்டைகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இக்கலை அதற்கு முன்பே வந்து விட்டது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையை இரட்டைப் படங்களாக எடுத்தார். கோவில், மண்டபம், மகால்! உழைக்கும் மனிதரைக் காண்பது அரிது.

ஆரணியில்...

இன்றும் அதே கதைதான். விளம்பரத்தில் பட்டுச் சேலை தெரிகிறது. கட்டிய அழகி தெரிகிறார். நெய்தவர் எங்கே?

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தறி நிற்பதற்கு முன்பே அதைப் படம் எடுத்து வைக்க வேண்டாமா? குழிக்குள் கால், மேலும் கீழும் பிரியும் பாவு, நடுவே நாடா ஓடும் வழி, அச்சு, விழுது, ஜரிகை இவற்றைச் சாதாரணப் படம் தட்டையாக்கி விடும். இரட்டைப் படமோ இழைக்குப் பின்னே இழையைப் பிரித்துக் காட்டும்.

பெரிய செலவும் இல்லை. ஆரணிப் பள்ளிகளும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் போதும். கைபேசியால் ஒரு படம். இரண்டரை அங்குலம் வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு படம். அதுவரை தறி அசையக் கூடாது. ஓடும் நாடாவுக்கு இரட்டை வில்லைக் காமிரா வேண்டும்.

அடியில் நெய்தவர் பெயர், தெரு, தேதி எழுத வேண்டும். திண்ணையில் தார் சுற்றும் பாட்டியின் பெயரையும் விட்டு விடக் கூடாது.