தீ வைக்கும் தீயணைப்புப் படை

நெருப்பை அணைப்பதற்கென்று ஏற்பட்ட படையே வீட்டுக்கு நெருப்பு வைக்கப் புறப்பட்டால் எப்படியிருக்கும்? அமெரிக்க ஆசிரியர் ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட 'பாரன்ஹீட் 451' என்னும் நாவல் இந்த விபரீதத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது. காகிதம் தீப்பற்றும் உஷ்ணமென்று ஆசிரியர் கொண்ட அளவே நூலின் பெயர்.

கதாநாயகன் மாண்டாக் உத்தியோகத்தில் குறை வைக்காதவன். எவர் வீட்டிலேனும் புஸ்தகம் இருப்பதாகத் துப்புக் கிடைத்தால், மண்ணெண்ணெய்க் குழாயுடன் சென்று கொளுத்திவிட்டு வருவான். அவன் மனைவி மில்ட்ரெட்டுக்கோ, கூடத்தின் மூன்று சுவர்களிலும் ஆடிப் பேசும் படங்களே உற்றார் உறவினர். நாலாவது சுவருக்கும் ஒன்று இல்லையே என்பதுதான் அவளுடைய மனக்குறை. அடுத்த வீட்டுப் பெண் கிளாரிஸ், அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று ஒரு நாள் கேட்டு வைக்கிறாள். மாண்டாக் திகைத்துப் போகிறான். பின்னர் ஒரு மூதாட்டி, தன் புஸ்தகங்களை விட்டு வெளியே வர மறுத்து, தானே தீக்குச்சி கிழித்து அவற்றுடன் எரிந்து போகிறாள். உயிரையே கொடுக்கும்படி அந்தக் காகிதங்களில் என்னதான் இருக்கிறது? அந்தக் கேள்வி அவனைத் தூங்கவொட்டாமல் அடிக்கிறது.

1933 மே 10-ஆம் தேதி பெர்லின் நகரில் நாஜி மாணவர்கள் புஸ்தகங்களைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். அதைப் போன்ற கொடுங்கோல் சர்க்காரின் கதைதானே இது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அன்று! மாண்டாக்கின் மேலதிகாரி பீட்டி சொல்லும் சரித்திரப்படி, முதலில் புஸ்தகங்களைக் கைவிட்டவர்கள் ஜனங்கள்தாம். அவர்களுக்குப் பொறுமை போயிற்று. பெரும் நூல்கள் சில பக்கங்களாகி, பிறகு சில வரிகளாயின. இன்னாருடைய மனம் புண்படும், அன்னாருடைய மனம் புண்படும் என்று வேறு வெட்டிக்கொண்டே வந்தார்கள். படிப்பாரற்றுப் போன பிறகே நெருப்பு வந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1967-இல் இந்த நாவலுக்கே பள்ளிக்கூடப் பதிப்பு ஒன்று வந்தது. அதில் சுமார் 75 இடங்களில், ஆசிரியருக்குத் தெரியாமலே, பதிப்பாளர்கள் கத்திரி வைத்துவிட்டார்கள். 1970-களின் கடைசியில்தான் பிராட்பரிக்கு விஷயம் எட்டிற்று. அவர் வெகுண்டெழுந்து முழு நூலையும் மீண்டும் அச்சிடச் செய்தார்.

குறையும் சொல்ல வேண்டுமல்லவா? பாத்திரங்கள் சில இடங்களில் சம்பாஷணையை விட்டுப் பிரசங்கத்தில் இறங்கி விடுகிறார்கள். உவமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டுகிறது. ஆயினும் கதை நம்மைக் கீழே வைக்க விடுவதில்லை.

படித்து முடித்ததும் நமக்கு ஒரு வெட்கம் உண்டாயிற்று. நாமோ பள்ளிக்கூடத்து வாத்தியார். பரீட்சைக்காக ஒரு முழுக் கதையை நாலு பக்க நோட்ஸாகச் சுருக்கி எத்தனையோ வருஷங்களாக எழுதிப்போட்டு வருகிறோம். சென்ற வருஷம் ஒரு பையன், "நோட்ஸ்தான் கிடைத்துவிட்டதே, இனிமேல் கதையைப் படிக்க வேண்டுமா, ஸார்?" என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்கவில்லை. நாம் போதித்த பாடத்தையே அவன் ஒப்பித்தான். பீட்டியின் படையில் நாமும் சம்பளமில்லாத சிப்பாய்தானோ?

நாவலின் முடிவில், ஊரை விட்டு ஓடிய சிலர் ஆளுக்கொரு நூலாக மனப்பாடம் செய்து காப்பாற்றி வருகிறார்கள். அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாது. ஆனால் இந்தத் தவணையில் நோட்ஸ் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். தினம் பத்து நிமிஷம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில், கதையையே வகுப்பில் உரக்கப் படிக்கப் போகிறோம். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தால், அவர்களிடம் இந்த நாவலைக் கொடுத்து அனுப்புவதாக உத்தேசம்.