எஞ்சினை மாற்றினால் போதுமா?

தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே உள்ள சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமார் 25 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். அந்த லாரிகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு ஒரு கார் புகுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே காரை மாற்றிக் கட்டும் அன்பர்களும் உண்டு!

இந்த ஆசை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964-இல் போன்டியாக் கம்பெனி 'ஜி.டி.ஓ.' என்ற காரை விட்டது. நம் ஊர் அம்பாஸடரில் வெகுகாலம் இருந்த எஞ்சின் ஒன்றரை லிட்டர்; அந்தக் காரிலோ சுமார் 6.4 லிட்டர்! முரட்டு பலம் படைத்த இத்தகைய கார்களுக்கு 'மஸில் கார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 2016-இல் ஃபோர்டு மஸ்டாங் நம் நாட்டிலேயே விற்பனைக்கு வந்தது. 5 லிட்டர் எஞ்சின், ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்.

பணம் உள்ளவர்கள் எஞ்சினின் சக்தியைக் கூட்டுகிறார்கள். ஆனால் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒளிந்திருக்கும் டார்க் கன்வர்ட்டரை நினைப்பவர்கள் குறைவு. கோளாறெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

அது என்ன சாதனம்? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. எண்ணெய் பாய்ந்து எதிரே உள்ள சக்கரத்தைத் தள்ளுகிறது. இடையே 'ஸ்டேட்டர்' என்ற மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசையில் திருப்பிவிடுகிறது. அதனால் கார் புறப்படும்போது முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பல்களுக்காக 1905-இல் பதிவு செய்த கண்டுபிடிப்பு இது. காருக்கு வந்தது பிற்பாடு.

மாற்றுக் கன்வர்ட்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் எண் 'ஸ்டால்' வேகம். சக்கரங்களை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு முடுக்கினால், எஞ்சின் நிமிஷத்திற்கு எத்தனை சுற்றுவரை எழும்பும் என்பதே அது. பந்தயக்காரர்கள் 3,500, 4,000 என்று தேடுவார்கள். அவர்களுடைய எஞ்சின் உயர்ந்த வேகத்தில்தான் பலம் காட்டும். அவர்களுக்கு அது நியாயம். சாத்தூர் போய்க் கடையைத் திறந்துவிட்டு மாலையில் குடும்பத்தோடு வீடு திரும்புகிறவருக்கு அது எதற்கு? பெரிய எண் நல்ல எண் என்று நினைப்பது வெறும் மயக்கம்.

பட்டாசுத் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்: திரி குட்டையானால் கையைச் சுடும், நீண்டால் நடுவழியில் அணையும். கன்வர்ட்டரும் அப்படித்தான். எஞ்சின் எந்த வேகத்தில் முழு முறுக்கு விசை தருகிறது, காரின் எடை என்ன, பின் அச்சின் கியர் விகிதம் என்ன, டயர் எவ்வளவு உயரம் என்று நான்கையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கன்வர்ட்டரே பலமான எஞ்சினுக்குப் பின்னால் அதிக வேகத்தில் 'ஸ்டால்' ஆகும். பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

அடுத்தது சூடு. கார் நகராமல் நிற்கையில் எஞ்சினை முடுக்கினால், அந்தச் சக்தி அத்தனையும் எண்ணெயில் வெப்பமாகிறது. 100 குதிரைச் சக்தி என்றால் ஒரு கிலோவாட் மின்சார அடுப்புகள் 75-ஐ ஒரே சமயத்தில் மூட்டியது போல! அதனால்தான் ஸ்டால் சோதனையைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டக்கூடாது என்கிறார்கள். ஸ்டால் வேகம் கூடிய கன்வர்ட்டர், மெதுவாக ஓட்டும்போதும் வழுக்கி வழுக்கி எண்ணெயைக் காய்ச்சும். விருதுநகர்ச் சீமையின் சித்திரை வெயிலில், லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காருக்கு இது பெரிய தண்டனை. ஆகவே கன்வர்ட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது எண்ணெயைக் குளிரவைக்கும் நல்ல 'கூலர்'. நெடுஞ்சாலையில் வழுக்கலை நிறுத்தும் 'லாக்-அப்' உள்ள கன்வர்ட்டராகவும் பார்த்துக்கொள்வது உத்தமம்.

காய்ந்த எண்ணெய் கசிந்து, கொதிக்கும் புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும். எந்த ஊரிலும் அது விபத்துதான். முன்னால் பட்டாசு லாரி போகும் சாலையில் அதை என்னவென்று சொல்வது? வெடிபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு 2008-ஆம் ஆண்டு விதிகள் எத்தனையோ கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பக்கத்தில் உறுமிக்கொண்டு வரும் காருக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் குறித்தபடி பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கன்வர்ட்டர் பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லை, எஞ்சின் எழுதப்படுகிறது. ஆகவே பெரிய எஞ்சினுக்கு ஆசைப்படுகிறவர்கள் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படி ஏறிவிட்டு வருவது நல்லது.

பிறகு கடை. காரின் எடை என்ன, பின் அச்சின் விகிதம் என்ன என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், "இதுதான் சார் டாப்!" என்று பெட்டியை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் பணப்பையைத் திறக்காமலே திரும்பிவிடலாம்.