இலை நம்முடையது, கணக்கும் நமக்கு வேண்டும்!

விவசாயப் பெருங்குடி மக்களே!

வரப்பு ஓரத்துல தன்னால முளைச்சுக் கிடக்கிற கீழாநெல்லியைக் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். அதே செடியின் டி.என்.ஏ.வை ஆராய்ச்சிக்கூடங்களில் பிரித்துப் பார்த்து, எந்த ஊர்ச் செடி எந்த வகை என்று தரம் பிரிக்கிறார்கள். மனுசனுக்குக் கைரேகை மாதிரி செடிக்கு டி.என்.ஏ. அடையாளம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு செடிகள் உள்ளுக்குள் வேறு வேறாக இருக்கலாம்.

இந்த ஆராய்ச்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. வேணும் என்றுதான் சொல்கிறோம். கீழாநெல்லி என்ற பெயரில் அதே இனத்து வேறு செடிகள் கடைச்சரக்கில் கலந்து வருவதை, 2010-ல் வெளியான தென்னிந்திய ஆய்வு ஒன்று டி.என்.ஏ. மூலம் காட்டியது. சுத்தமான சரக்கு கொடுக்கும் விவசாயி நியாய விலை கேட்க இது நல்ல ஆதாரம்.

எங்கள் கேள்வி வேறு. முன்னால மூலிகையைக் கொண்டுபோக மூட்டையும் வண்டியும் வேணும். இந்த ஆராய்ச்சிக்கு ஒரு கைப்பிடி இலை போதும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்?

பங்கு கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகமா? நம் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் நடந்ததைப் பாருங்கள். 1987-ல் அங்குள்ள காணி மக்கள், களைப்பு தெரியாமல் நடக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதன் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கோவைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. வந்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பெரிய பணம் இல்லைதான். ஆனால் காட்டிக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு என்று ஆயிற்று.

அதே 1995-ல் காயம் ஆற்றும் மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பழைய நூல்களில் எழுதி இருந்ததைக் காட்டித்தான் 1997-ல் அதை ரத்து செய்ய முடிந்தது. எழுத்தில் இருந்தது பிழைத்தது. நம்ம ஊர்ச் செடிகள் எந்த எழுத்தில் இருக்கு?

2002-ம் வருட பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். 2023-ல் வந்த திருத்தம் ஜெயில் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தது. சட்டம் இளகும்போது நாம்தான் விழிப்பாக இருக்கணும்.

ஆகவே நாங்கள் கேட்பது:

1. ஆழ்வார்குறிச்சியிலும் சுற்று ஊராட்சிகளிலும் குழு பேருக்கு இல்லாமல் கூட வேண்டும். விவசாயிகளும் நாட்டு வைத்தியர்களும் அதில் இருக்க வேண்டும்.

2. கடனா ஆற்றுப் பாசனப் பகுதி மூலிகைகள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். நம்ம ஊரிலேயே உள்ள பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையம் இதற்கு உதவ வேண்டும்.

3. இலை எடுப்பவர் யார், எதற்கு என்று குழுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த கிராமசபையில் ஒவ்வொருவரும் எழுந்து கேளுங்கள்: "பதிவேடு எங்கே?"

ஒன்றுபடுவோம்! நம் வரப்புச் செடிக்கும் கணக்கு கேட்போம்!