தலையெழுத்தா, தறிக்குழியா?

"அது அந்தக் குடும்பத்து இரத்தம்!"

காஞ்சிபுரத்திலே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே, இந்தப் பேச்சை இரண்டு சமயங்களில் கேட்கலாம். பெண் கொடுக்க வந்தவர்கள், பையனின் சித்தப்பாவுக்கு மனநோய் என்று அக்கம்பக்கத்தில் அறிந்ததும் கை நனைக்காமலே எழுந்து போகிறார்களே, அது ஒரு சமயம். "பீடியை விட்டுவிடுங்களேன் அண்ணே" என்று சொன்னால், "எங்க அப்பனும் பிடிச்சான், பாட்டனும் பிடிச்சான், என்னை மட்டும் விடுமா?" என்று நெசவாளத் தோழர் சிரிக்கிறாரே, அது மற்றொரு சமயம். முதலாவதில் குற்றமறியாத ஒரு வாலிபனின் வாழ்வுக்குத் தாழ் விழுகிறது. இரண்டாவதில் ஓர் உழைப்பாளி தன் ஆயுளைத் தானே அறுக்கிறார். இரண்டுக்கும் சாட்சி ஒன்றுதான்: இரத்தம்!

தலையெழுத்து என்று பிரமன் மீது போட்ட பழியை, கொஞ்சம் படித்தவர்கள் இப்போது மரபணு மீது போடுகிறார்கள். பெயர்தான் மாறிற்று, கைகட்டி நிற்கும் புத்தி மாறவில்லை.

மரபணுவுக்குப் பங்கே இல்லையென்று நாம் சொல்லவில்லை. உண்டு. மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கு, அதற்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. இது மரபின் வேலைதான். ஆனால் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் மற்றப் பாதிப் பேருக்கு ஏன் வரவில்லை? தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்தாலும், பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் அந்நோய் காணாமலே வாழ்கிறார்களே, அது எப்படி? நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் அந்நோய் கிடையாது என்பதும் மருத்துவம் கண்டதுதான். சித்தப்பாவைக் காட்டிப் பெண் கொடுக்க மறுக்கிறவர், தம் வீட்டுத் தாய்மாமனின் சர்க்கரை நோயை ஏன் கணக்கெடுப்பதில்லை?

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவைத் தடுத்ததால் ஹாலந்தில் பஞ்சம் தாண்டவமாடிற்று. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவுற்ற குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு ஏறக்குறைய இருமடங்கு வந்தது. பட்டினி போட்டவன் யார்? மரபணுவா, படைத்தலைவனா?

இனிப் புகைக்கு வருவோம். இங்கே ஒரு கதை உண்டு. தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1950இல் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு ஆங்கிலேயர், நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் புகையே என்று கணக்கோடு காட்டினர். புகையிலை முதலாளிகள் பதறிப்போயினர். அப்போது எதிர்வாதத்தோடு வந்தவர் சாமானியர் அல்லர். புள்ளியியலின் தந்தை என்று உலகம் மதித்த ரொனால்ட் ஃபிஷர். 1957-58இல் அவர் சொன்னார்: புகை புற்றைத் தரவில்லை; புகைக்கத் தூண்டும் பிறவிக்கூறே புற்றையும் தருகிறது என்று! ஒற்றைக்கரு இரட்டையர் புகைப்பதிலும் ஒத்திருப்பதைச் சான்றாகக் காட்டினார். அவர் புகைக்குழாய்ப் பிரியர். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். பேரறிவாளனானாலும் சொந்தப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கும்போது சறுக்கத்தானே செய்வான்!

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு பாதி பின்னாளில் மெய்யாயிற்று. 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தேடி, 15ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் வந்து நின்றன. மூளையிலே நிக்கோடினை ஏற்கும் வாயிலை அமைக்கும் மரபணுக்கள் அங்கே இருக்கின்றன. அதிலே ஒரு மாறுபாடு உடையவர்கள், புகைக்கத் தொடங்கிவிட்டால், மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புகைக்கிறார்கள். எவ்வளவு கூடுதல்? தாய்வழி ஒரு பிரதி வந்தால் நாளைக்குச் சுமார் ஒரு சிகரெட்டு. தந்தைவழியும் வந்தால் இன்னொன்று. அவ்வளவுதான்! தொடங்காதவனிடம் அந்த மரபணு இருந்தும் என்ன, இல்லாமற்போயும் என்ன? பெட்டிக்கடைக்குப் போய் நெருப்புக் கேட்க மரபணுவுக்குக் காலும் இல்லை, வாயும் இல்லை.

ஃபிஷரின் மறுபாதி வாதத்தைத் தகர்த்தவர்கள், புகையை விட்டவர்களே. 34,000க்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டு பின்தொடர்ந்த கணக்கு 2004இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர் சராசரி பத்தாண்டு முன்னதாக மாண்டார். 50 வயதில் விட்டவர் அதில் ஆறாண்டை மீட்டார். 30இல் விட்டவர் ஏறத்தாழ முழுவதையும் மீட்டார். விட்டபோது அவர்கள் மரபணுவை மாற்றிக்கொண்டார்களா என்ன?

வியட்நாம் போரிலே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஊர் திரும்பியதும் பெரும்பாலோர் அதை விட்டொழித்தனர் என்று லீ ராபின்ஸ் அம்மையார் ஆராய்ந்து சொன்னார். ஆள் அதே ஆள், சூழல்தான் வேறு.

இப்போது நம் சூழலைப் பார்ப்போம். குழித்தறியில் காலை இறக்கி விடியலில் உட்காருகிறார் நெசவாளர். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உதவிக்கு உட்கார்வது பல வீடுகளில் பிள்ளைதான் என்றிருந்த காலம் அதிகத் தொலைவில் இல்லை. பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்ட சிறுவர்களைப் பற்றி 2003இல் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பட்டுக்கும் ஜரிகைக்கும் பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஆகவே பீடிக்காகத் தெருவுக்கு வருகிறார். சும்மா எழுந்து நின்றால் சோம்பேறி. பீடிக்கு எழுந்தால் ஓய்வு! அந்தப் பீடியை வாங்கி வரப் போகிறவன் யார்? பக்கத்தில் உட்காரும் பையன். பதினெட்டு நிரம்பாதவனுக்குப் புகையிலை விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் கொடுக்கிறார்; நாமும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இதைத்தான் பிறகு "பரம்பரைப் பழக்கம்" என்கிறோம்.

பாவு பெற்றோர் கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஊடை போடுவது யார் என்று நெசவாளனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

2009-10இல் தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 16.2 பேர் புகையிலை பயன்படுத்தினர். 2016-17இல் அது 20 ஆயிற்று. இதே காலத்தில் இந்தியா முழுவதிலும் 34.6 என்பது 28.6 ஆக இறங்கிற்று! ஏழாண்டில் நம் மரபணுவா மாறிவிட்டது?

நெஞ்சு கனத்துத்தான் இதையும் சொல்கிறோம். இந்த ஊரில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலையும் பொடியும் பழக்கம் என்பது நாடறிந்தது. 1969 பிப்ரவரி 3இல், அறுபது நிரம்பும் முன்னரே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வழியே பேருந்தில் போகும் தோழர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மனநோயும் புகையும் கூட்டாளிகள் என்பதையும் அறிய வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் புகைப்போர் மற்றவர்களைவிட மிக அதிகம். கடுமையான மனநோயாளர் பத்து முதல் இருபதாண்டு முன்னதாக இறக்கின்றனர். பெரும்பாலும் இதய நோயாலும் நுரையீரல் நோயாலுமே இறக்கின்றனர். "பாவம், அதாவது பிடிக்கட்டும்" என்று பீடி வாங்கிக் கொடுக்கிறார்களே வீட்டார், அது இரக்கமல்ல. புகை மனத்தை ஆற்றும் என்பதும் பொய். விட்டவர்களுக்குக் கவலையும் மனச்சோர்வும் குறைந்தன என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் காட்டினர். புகைத்தவர் ஆற்றிக்கொண்டது, முந்தைய பீடி வைத்த பசியைத்தான்.

2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் மூண்ட தீக்கு 28 மனநோயாளிகள் பலியாயினர். சங்கிலி பூட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நோயாளியைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போகிறவர்களிடம் சண்டை போட நாம் வரவில்லை. போகிற வழியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இறங்குங்கள் என்றே கேட்கிறோம்.

தோழர்களே! நம் கிளை அலுவலகங்களிலேயே தொடங்குங்கள். புதிதாக வரும் பையனுக்குத் தேநீர் கொடுங்கள், சிகரெட்டு நீட்டாதீர்கள். சாம்பல் கிண்ணத்தை எடுத்தெறியுங்கள். மனநல உதவிக்கு 14416, புகையிலையை விட 1800-11-2356 என்ற இரு எண்களையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழுவில், தறியிலிருந்து எழுந்து உட்கார ஒரு திண்ணையும் ஓய்வு நேரமும் கேளுங்கள்.

மனநோய்க்கு மருந்து உண்பவர் புகையை விடுவதானால், முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகை சில மருந்துகளை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடுகிறது. புகை நின்றதும் அதே அளவு மருந்து அதிகமாகிவிடும். அளவைக் குறைப்பது மருத்துவர் கையில் இருக்கிறது.