மண்ணுக்குள் போகும் கேஸ் பைப்: ஜாயின்ட் உறுதியா என்று எப்படித் தெரியும்?

நீங்கள் ஐரோலியிலோ செம்பூரிலோ வசித்தால், தெருவோரப் பள்ளத்தில் இறக்கப்படும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பைப்பைப் பார்த்திருப்பீர்கள். அது குழாய் எரிவாயுவுக்கானது. மும்பை, தானே, நவி மும்பைக்கு இதை விநியோகிப்பது 1995-ல் தொடங்கப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனம்.

ஏன் பிளாஸ்டிக்?

துருப்பிடிக்காது என்பதுதான் முதல் காரணம். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் இரும்புக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரிப்பே அதற்குக் காரணம். தெருக்களுக்குள் 4 பார் அழுத்தம் வரை பாலிஎத்திலீன் பைப் போதும். பைப் அரிக்காது, சரி. ஜாயின்ட்?

எப்படி ஒட்டுகிறார்கள்?

உள்ளே மின்கம்பிச் சுருள் கொண்ட கப்ளருக்குள் இரண்டு பைப் முனைகளையும் செருகி மின்சாரம் பாய்ச்சுவார்கள். பிளாஸ்டிக் உருகி ஒன்றாகிவிடும். அதற்கு முன் பைப்பின் மேல்தோலைச் சுரண்ட வேண்டும். பிறகு ஆறும் வரை அசைக்கக் கூடாது. கப்ளரில் மேலெழும் சின்ன முனை, உள்ளே பிளாஸ்டிக் உருகியதைத்தான் காட்டும். நன்றாக ஒட்டியதா என்று அது சொல்லாது.

காற்றழுத்தச் சோதனை போதாதா?

இன்று கசிகிறதா என்று அது சொல்லும். அரைகுறையாக ஒட்டிய ஜாயின்ட் இன்று தேறிவிட்டு, சில வருடம் கழித்துக்கூட விட்டுப்போகலாம்.

அல்ட்ராசோனிக் என்ன பார்க்கும்?

காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குவார்கள். இரும்பில் ஒலி நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் ஓடும். பாலிஎத்திலீனில் அதில் பாதிகூட இல்லை, சீக்கிரம் மங்கியும்விடும். அதனால் இரும்புக்கான அமைப்பு இங்கே செல்லாது. வெற்றிடம், இடம் நகர்ந்த கம்பி, முழுசாகச் செருகாத பைப், சூடு போதாமை ஆகியவை தெரியும். சுரண்டாமல் விட்ட தோலும் மெல்லிய தூசிப் படலமும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

ஒலிச் சோதனை தேவைதான். ஆனால் பள்ளத்தில் நடக்கும் வேலைக்கு அது மாற்று அல்ல. மழையில், சேற்றில், அவசரத்தில் போட்ட ஜாயின்ட்டை எந்தக் கருவியும் நல்லதாக்காது. உங்கள் சொசைட்டி வளாகத்தில் வேலை நடந்தால், இணைப்பு இயந்திரத்தின் பதிவையும் சோதனைச் சான்றையும் கமிட்டி கேட்டு வாங்கி வைக்கட்டும். கேஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் யாரும் அங்கே மறுபடி தோண்ட விடாதீர்கள். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே போய், பில்லில் உள்ள அவசர எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.