தலைநகரமா, துருவத்து ஊரா?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம்மிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திருச்சியில் தங்கலாமா, ஸ்ரீரங்கத்தில் தங்கலாமா?" என்பார்கள். பதில் சொல்வதில் நமக்குச் சிரமமே இல்லை. மலைக்கோட்டையும் கடைவீதியும் வேண்டுமானால் திருச்சி. விடியற்காலைக் கோயில் வேண்டுமானால் ஸ்ரீரங்கம். தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போவதில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், காவிரிப் பாலத்தைத் தாண்டி அடுத்த ஊர் வந்துவிடும்.

ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆயிரத்திருநூறு கிலோ மீட்டர் இருந்து, கையில் ஒரே ஒரு வாரமும், காலில் தீராத முழங்கால் வலியும் இருந்தால் என்ன செய்வது?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இந்தச் சங்கடம்தான் வந்தது. மாமா பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலிக்குச் சொந்தக்காரர் அவர்தான். மாமிக்கு அறுபத்தாறு. ஜெர்மனியில் வேலையாக இருக்கும் பிள்ளை, "இரண்டு பேரும் வாருங்கள். எனக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கும். ஸ்வீடன் தேசத்துக்கு அழைத்துப் போகிறேன். தலைநகரமான ஸ்டாக்ஹோமா, வடக்குக் கோடியில் இருக்கும் கிரூனாவா? நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டான். "நீங்களே பேசி" என்று சொன்னதில்தான் வினையே ஆரம்பித்தது.

மாமாவின் கட்சி ஸ்டாக்ஹோம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை யாராலும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவானைக்காவலில் 1888-ம் வருஷம் பிறந்த ஒருவர், 1930-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி அந்த நகரத்தில் நோபல் பரிசு வாங்கினார். ஸர் சி. வி. ராமனைத்தான் சொல்கிறேன். பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்று கூடச் சொல்வார்கள். அவருடைய அண்ணன் பிள்ளை சந்திரசேகர் 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-லும் அதே நகரத்தில் பரிசு பெற்றார்கள். "முப்பது வருஷம் ராமன் விளைவைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அவர் நின்ன இடத்தில ஒரு தரம் போய் நிக்க வேண்டாமா?" என்றார் மாமா.

ஸ்டாக்ஹோமில் பார்ப்பதற்கு வேறு விஷயங்களும் ஏராளம். ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்றால், அந்த நகரம் பதினான்கு தீவுகளின் மேல் கட்டப்பட்டது. ஜனத்தொகை பத்து லட்சத்தை ஒட்டியது. நம் திருச்சி மாநகராட்சிக்கு 2011 கணக்கெடுப்பில் சுமார் எட்டரை லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் ரொம்பத் தூரம் இல்லை. 1628-ல் வெள்ளோட்டம் விட்ட அன்றே, ஒரு மைல் கூடப் போகாமல் மூழ்கிய 'வாஸா' என்ற போர்க் கப்பலை 1961-ல் கடலிலிருந்து மேலே தூக்கி, ஒரு காட்சிசாலைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழையானாலும் பனியானாலும் அந்தக் கப்பலைப் பார்க்கலாம். தலைநகரத்தின் பெருமை இதுதான்; கொடுத்த காசுக்கு ஏமாற்றம் கிடையாது.

மாமியின் கட்சி கிரூனா. அது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 145 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. இரும்புச் சுரங்கத்தால் பிழைக்கிற சின்ன ஊர். நம் ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணிதான். அங்கேயோ, இங்கே பரமபத வாசல் திறக்கிற மார்கழியில், சூரியன் சில வாரங்கள் உதிப்பதே இல்லை. கோடையில் பல வாரங்கள் அஸ்தமிப்பதே இல்லை. சுரங்கம் அடியில் தோண்டத் தோண்டப் பூமி இறங்குவதால் ஊரையே கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடத்துக்கு மாற்றி வருகிறார்கள். 1912-ல் மரத்தால் கட்டிய மாதா கோயிலைப் பிரிக்காமல் அப்படியே சக்கர வண்டிகளில் ஏற்றி, 2025 ஆகஸ்டில் இரண்டு நாளில் ஐந்து கிலோ மீட்டர் நகர்த்தினார்கள்! பக்கத்துக் கிராமமான யூக்கஸ்யார்வியில், உறைந்த ஆற்றிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, வருஷா வருஷம் ஓர் ஓட்டல் கட்டுகிறார்கள். கோடை வந்தால் அது உருகி மறுபடியும் ஆற்றோடு போய்விடுகிறது.

மாமிக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். அவர் பார்க்க ஆசைப்பட்டது வானத்தில் பச்சைத் திரைச்சீலை போல அசைந்தாடும் துருவ ஒளியைத்தான். சூரியனிலிருந்து சீறி வரும் மின் துகள்களைப் பூமியின் காந்த சக்தி துருவப் பக்கமாக இழுத்துச் செல்கிறது. அவை காற்றில் உள்ள பிராணவாயுவின் மேல் மோதும்போது, நூறு கிலோ மீட்டருக்கு மேலே பச்சையும், அதற்கும் வெகு உயரத்தில் சிவப்பும் ஒளிர்கின்றன. சூரியன் மும்முரமாக இருந்த 2024 மே மாதத்தில் நம் லடாக்கின் ஹான்லேயில் கூட வானம் சிவந்தது. ஆனால் அது அபூர்வம். கிரூனாப் பக்கத்தில் செப்டம்பர் முதல் மார்ச் முடியும் வரை அடிக்கடி தெரியும். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்ற இடத்தில் மாமா பிடித்துக்கொண்டார். "லட்சக்கணக்கில செலவு பண்ணிண்டு போய், மேகம் மூடிண்டிருந்தா என்ன பண்றது?"

மாமி நிதானமாகப் பதில் சொன்னார்: "ஐம்பது வருஷமாப் பெருமாளைச் சேவிக்கப் போயிண்டிருக்கேன். எத்தனை நாள் திரை போட்டிருந்தது! கோவிச்சுண்டா வந்தேன்? நின்னு பார்த்தேன். இல்லேன்னா, மறுநாள் போனேன்."

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பச்சைக் கோட்டைப் போர்டுல எத்தனையோ தரம் போட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்லை" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, "ராமன் பரிசு வாங்கினது மண்டபத்துக்காகவா? வெளிச்சத்தைப் பார்த்ததுக்காகத்தானே?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மார்ச்சில் கிரூனா என்று முடிவாயிற்று.

இவர்களுக்குச் சரி என்றால் எல்லோருக்கும் சரியா என்று வாசகர்கள் கேட்கலாம். என் அபிப்பிராயம் இது: 'எந்த ஊர் உயர்ந்தது?' என்று கேட்டால் விடை கிடைக்காது. 'எது நமக்காகக் காத்திருக்கும், எது காத்திராது?' என்று கேட்டுப் பாருங்கள். முந்நூற்று முப்பத்து மூன்று வருஷம் கடலுக்கடியில் கிடந்த கப்பல் இன்னும் பத்து வருஷம் காட்சிசாலையில் நிற்கும். நம் முழங்கால் நிற்குமா என்பதுதான் கேள்வி. பனியில் நடந்து, நடுராத்திரியில் அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டிய ஊருக்கு, நிற்கத் தெம்பு இருக்கும்போதே போய்விட வேண்டும். அதே சமயம், வெறுங்கையோடு திரும்பினால் ஆயுசு முழுவதும் சொல்லிக் காட்டுகிற சுபாவம் வீட்டில் யாருக்காவது இருந்தால், பேசாமல் ஸ்டாக்ஹோமுக்கே டிக்கெட் வாங்கிவிடுங்கள். குடும்ப சமாதானம் துருவ ஒளியைவிட அபூர்வமானது!

வடக்கே போகத் துணிந்தவர்களுக்குச் சில யோசனைகள். ஒரே ராத்திரியை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது மூன்று, நான்கு ராத்திரியாவது தங்குங்கள். கிரூனாவில் மேகம் மூடினால், மேற்கே சுமார் நூறு கிலோ மீட்டரில் இருக்கும் அபிஸ்கோவில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு உண்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை கூட இறங்கும். வயதானவர்களுக்கு நடுக் குளிர்காலத்தைவிட மார்ச் மேல். மார்ச் 20-ம் தேதி வாக்கில் அங்கேயும் நம் ஊரைப் போலப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஸ்டாக்ஹோமிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணியில் போகலாம். ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டும் போகலாம். ஷெங்கன் விசா ஒன்றே ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் செல்லும். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் கட்டாயம். இன்னொரு முக்கியமான விஷயம்: பாலில் செய்த எதையும் அந்த எல்லைக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. பருப்புப் பொடியைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். நெய்யை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.