பதினாறு பாடல்களும் ஒரு பொய்ப் பெயரும்

1981 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஹெவி மெட்டல்’ அசைவூட்டத் திரைப்படத்தின் பாடல் தொகுப்பை, மெட்டல் இசையும் ஓவியத் திரையும் கலந்த பொற்கணமாகப் போற்றும் வழக்கம் ரசிகர் கூட்டத்திலிருந்து ஆய்வரங்குகளுக்கும் தொற்றியிருக்கிறது. ரசிகர் போற்றுவதில் பிழையில்லை. அவர்களுக்கு அது இளமையின் இசைத்தட்டு. ஆய்வாளர் அதே வாக்கியத்தை மேற்கோள் குறிகளோடு திருப்பிச் சொல்வதுதான் பிழை. அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி மெட்டல் இசை அன்று. அப்படத்தின் இசையை அறிவதற்கும் அது போதிய சான்று அன்று.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 1970களின் நடுவில் பாரிசில் மோபியஸ் எனப்பட்ட ழான் ஜிரோ, பிலிப் திருயே, ழான்-பியேர் தியோனே முதலியோர் ‘மெத்தால் உர்லான்’ என்றொரு சித்திரக்கதை இதழைத் தொடங்கினர். ‘ஊளையிடும் உலோகம்’ என்பது அதன் பொருள். 1977இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு ‘ஹெவி மெட்டல்’ என்று பெயரிட்டார்கள். இதழின் உள்ளே இருந்தவை அறிவியல் புனைவும் கனவுலகக் காமமும் வன்முறையும், கிதார் அன்று. ஐவன் ரைட்மன் தயாரிப்பில் ஜெரால்டு பாட்டர்டன் இயக்கிய கனடியப் படம் அந்த இதழின் பெயரைத்தான் சுமந்தது. அப்பெயர் ஓர் இசை வகைமையின் பெயராகவும் இருந்ததை விற்பனையாளர்கள் கண்டுகொண்டனர். ஆய்வாளர்கள் இன்றும் அந்தச் சிலேடையைச் சான்றாக எடுத்துக்கொள்கின்றனர்.

தொகுப்பைத் திறந்து பார்த்தால் 13 கலைஞர்களின் 16 பாடல்கள். பிளாக் சப்பாத் குழுவின் ‘தி மாப் ரூல்ஸ்’ ஐயத்திற்கு இடமில்லாத மெட்டல். பிரெஞ்சுக் குழுவான ட்ரஸ்ட், நாசரத், சாமி ஹாகர், புளூ ஆய்ஸ்டர் கல்ட் ஆகியோரையும் தாராள மனத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு? ஜர்னியின் ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’ ஒரு மென்காதல் பாட்டு. ஸ்டீலி டான் பிரிந்த பின் டொனால்டு ஃபேகன் பாடிய ‘ட்ரூ கம்பேனியன்’ ஜாஸ் சாயல் கொண்டது. ஸ்டீவி நிக்ஸ் வருகிறார். ஆலன் டூசான் எழுதி லீ டார்சி பாடிய 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிலாளர் பாட்டை டீவோ மின்னியக்கத் தாளத்தில் மறுபடி பாடுகிறது. வகைமைகளின் எல்லை நெகிழ்வானது என்ற பதில் இங்கே செல்லாது. ஜூடாஸ் பிரீஸ்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, மோட்டர்ஹெட்டின் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’, அயர்ன் மெய்டனின் முதல் தொகுப்பு ஆகிய மூன்றும் வெளிவந்தது 1980இல். பிரிட்டனில் மெட்டல் புதிய அலையாய்ப் பொங்கிய அந்தப் பொழுதில், மெட்டலின் பெயரைத் தாங்கிய தொகுப்பில் இம்மூவரில் ஒருவருக்கும் இடமில்லை. நெகிழ்வு ஒரு பக்கம் மட்டுமே நெகிழ்ந்திருக்கிறது.

எந்தப் பக்கம் என்பதை இசைத்தட்டின் வணிகப்பெயரே சொல்லும். தொகுப்பு வந்தது ஃபுல் மூன், அசைலம் ஆகிய பெயர்களில். ஃபுல் மூன் அர்விங் அசாஃப் நிறுவியது. ஈகிள்ஸ், ஸ்டீலி டான் ஆகிய குழுக்களின் மேலாளரும் அவரே. ஈகிள்ஸ் உடைந்ததும் தனித்துவந்த டான் ஃபெல்டருக்கு இரண்டு பாடல்கள், ஃபேகனுக்கு ஒன்று. இதில் சதி எதுவுமில்லை, தொழில் அப்படித்தான் நடக்கும். ஆனால் தொழில் ஏற்பாட்டின் விளைவை அழகியல் தேர்வு என்று விளக்குவது ஆய்வாகாது.

இந்திய மாணவருக்கு இந்தக் கண்ணி இன்னும் ஆழமானது. ஒரு படம், ஓர் இசையமைப்பாளர், ஒரு பாடல் தொகுப்பு என்ற வழக்கத்தில் வளர்ந்த காது, ஹாலிவுட்டின் தொகுப்பையும் படத்தின் இசை என்றே கேட்கிறது. (நம்மூர்ப் படங்களிலும் பின்னணி இசை பாடல் தொகுப்புக்கு வெளியேதான் நிற்கிறது என்பதை மறப்பதும் அதே காதுதான்.) ‘ஹெவி மெட்டல்’ படத்தின் பின்னணி இசை எல்மர் பெர்ன்ஸ்டைனுடையது; ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ படத்திற்கு இசையமைத்த அதே பெர்ன்ஸ்டைன். முழுச் சேர்ந்திசைக் குழுவோடு ஓந்த் மார்த்தெனோ என்னும் மின்னிசைக் கருவியையும் அவர் இதில் பயன்படுத்தினார். படத்தின் இறுதிக் கதையில் தார்னா என்னும் வீராங்கனை ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளுக்காகப் பேசுவது அந்தக் கருவியின் நடுங்கும் குரல். வெவ்வேறு கலையகங்கள் தனித்தனிக் கைகளால் வரைந்த துண்டுக்கதைகளை ஒரே படமாகப் பிடித்து நிறுத்துவதில் பச்சைக் கோளத்தின் கதைச்சரடுக்கு நிகரான பங்கு இந்த இசைக்கு உண்டு. பாடல் தொகுப்பில் அதிலிருந்து ஓர் இழையும் இல்லை. அது தனித் தட்டாகவே விற்கப்பட்டது.

படத்தில் ஒலிக்கும் பாடல்களையாவது தொகுப்பு முழுமையாகத் தருகிறதா? அதுவும் இல்லை. தார்னா நுழையும் மதுக்கூடத்தில் டீவோவின் ‘த்ரூ பீயிங் கூல்’ ஒலிக்கிறது. வாசிக்கும் குழுவும் திரையில் தெரிகிறது. அந்தப் பாட்டு தொகுப்பில் கிடையாது. பெயர்ப்பட்டியல் ஓடும்போது வரும் சுரங்கப் பாட்டுக்கே அங்கே இடம். இதனினும் கூர்மையான சான்று புளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவினுடையது. தார்னாவின் கதையையே வரிசையாகச் சொல்லும் ‘வெஞ்சன்ஸ்’ என்ற பாட்டை அவர்கள் படத்திற்கென எழுதினார்கள். அது படத்திலும் சேரவில்லை, தொகுப்பிலும் சேரவில்லை. அவர்களுடைய சொந்தத் தொகுப்பான ‘ஃபயர் ஆஃப் அன்னோன் ஆரிஜின்’ வழியாக வெளிவந்தது. அவர்களிடமிருந்து படம் எடுத்துக்கொண்டது மைக்கேல் மூர்காக் வரிகள் எழுதிய வேறொரு பாடலை. அது நல்ல பாடல், ஒருவேளை தொகுப்பிலேயே சிறந்தது. எனினும் இந்தக் கதையைச் சொல்ல எழுதப்பட்ட பாட்டு வெளியே நிற்க, கதையோடு ஒட்டாத காதல் பாட்டுக்கு உள்ளே இருக்கை கிடைத்த ஒரு தொகுப்பைப் ‘படத்தின் ஒலி வடிவம்’ என்று எழுதுவோர் எந்தப் படத்தைக் கேட்டார்கள்?

பாடல் தொகுப்பு படத்தின் உடலாக இருக்கவே முடியாது என்பதன்று வாதம். ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் பழைய பாடல்கள் பாத்திரங்களின் கார் வானொலியிலிருந்து ஒலித்து அந்த இரவின் காற்றாகவே ஆகின்றன. மெட்டலிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமெனில் பிரெண்டன் ஸ்மால் இருக்கிறார். ‘மெட்டலோகலிப்ஸ்’ அசைவூட்டத் தொடரை இணைந்து உருவாக்கியவரும் அதன் கற்பனைக் குழுவான டெத்குளோக்கின் இசையை எழுதியவரும் அவரே. 2013இல் வந்த ‘தி டூம்ஸ்டார் ரெக்வியம்’ முழுதும் இசைநாடகம். பாட்டை நீக்கினால் கதையே மிஞ்சாது. கேலிக்கென்று பிறந்த தொடர் என்பதால் ஆய்வுலகம் அதைத் தீண்டத் தயங்குகிறது. வணிகக் கட்டாகப் பிறந்த 1981ஆம் ஆண்டுத் தொகுப்புக்கோ கிளாசிக் என்ற பட்டம்.

அந்தப் பட்டத்திற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்ல வேண்டும். பாடல்களைத் திரையரங்குக்காக வாங்கியபோது வீட்டு ஒளிநாடாவுக்கான உரிமை தீர்க்கப்படவில்லை. அதனால் படம் 1996 வரை முறையாக ஒளிநாடாவில் வெளிவரவே இல்லை. நள்ளிரவுக் காட்சிகளிலும் கேபிள் தொலைக்காட்சியிலும், அதிலிருந்து திருட்டுத்தனமாகப் பதிந்த மங்கிய நாடாக்களிலும் அது பதினைந்து ஆண்டுகள் அலைந்தது. ஓவியர்கள் சட்டம் சட்டமாக வரைந்த வண்ணங்களை ஒரு தலைமுறை அந்த மங்கலில்தான் கண்டது. பாடல்களின் இசைத்தட்டோ 1981இலேயே கடைக்கு வந்துவிட்டது.